குழந்தையை அளக்கும் கோல்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நேர்கின்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. தந்தைக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. திருச்சியிலோ திருநெல்வேலியிலோ முதல் வகுப்பில் ஓயாது பேசிக்கொண்டிருந்த குழந்தை, தில்லியிலோ நாகபுரியிலோ ஒரு புதிய பள்ளியில் சேர்க்கப்படுகிறது. ஆறு திங்கள் கழிந்தும் வகுப்பில் அது வாய் திறப்பதில்லை. ஆசிரியை பெற்றோரை அழைத்து, உளநூல் வல்லுநர் ஒருவரிடம் குழந்தையைக் காட்டுமாறு கூறுகிறார். வல்லுநர் ஒரு பெட்டியைத் திறக்கிறார், வினாக்களைக் கேட்கிறார், வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொல்கிறார், இறுதியில் ஓர் எண்ணைக் குறித்துத் தருகிறார். அக்குழந்தை எந்த வகுப்பில் அமர்வது, எந்தப் பள்ளியில் பயில்வது என்பதை அவ்வெண் முடிவு செய்துவிடக்கூடும்.

அவ்வெண் அளந்தது எதனை? குழந்தையின் அறிவையா, அல்லது அது இந்தியோ மராத்தியோ கேட்டுப் பழகிய நாட்களின் தொகையையா? இவ்வினாவுக்கு விடை காண உலகின் உளநூலார்க்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறுபட்டிருந்தது. ஓர் ஊர்ப் படியால் அளந்த நெல்லை மற்றோர் ஊர்ப் படியால் அளந்தால் கணக்கு ஒவ்வாது. நெல் குறைந்ததென்று எவரும் கூறமாட்டார். படி வேறு என்றே கூறுவர். 1956-ஆம் ஆண்டின் நிறை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தபின் அக்குழப்பம் நீங்கிற்று. நெல்லுக்கு இவ்வளவு எச்சரிக்கையாய் இருந்த உலகம், குழந்தைகளின் அறிவை அளக்கும்போது மட்டும் ஒரு நகரத்துப் படியை உலகமெங்கும் கொண்டு சென்றது.

அந்தப் படி பிறந்த நகரம் பாரிசு. பிரெஞ்சு நாட்டில் கட்டாயக் கல்வி வந்தபின், வகுப்போடு ஒட்டி நடக்க இயலாத குழந்தைகளை எவ்வாறு கண்டறிந்து உதவுவது என்ற கேள்வி எழுந்தது. அதனை ஆராயக் கல்வி அமைச்சு 1904-இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்பிரெட் பினே என்பவர், தியோடோர் சீமோன் என்ற மருத்துவருடன் கூடி, 1905-இல் முப்பது சிறு சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1908-இல் அவற்றை வயது வாரியாகத் திருத்தி அமைத்தார். பினேயின் நோக்கம் உதவி செய்வதே. தம் சோதனை தரும் அளவை நிலையான முத்திரையாகக் கொள்ளலாகாது என்றும், பயிற்சியால் குழந்தையின் அறிவு வளரக்கூடும் என்றும் அவர் கருதினார். பாரிசு நகரப் பள்ளிக் குழந்தைகளை மனத்திற்கொண்டே அவர் வினாக்களை அமைத்தார். 1911-இல் அவர் மறைந்தார். அவருடைய எச்சரிக்கையும் அவரோடு மறைந்ததென்றே கூறவேண்டும்.

அச்சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் ஹென்றி காடர்டு. நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் ஊரில், மனவளர்ச்சி குன்றியோர்க்கான நிலையத்தில் ஆராய்ச்சித் தலைவராய் இருந்தவர் அவர். பினேயின் சோதனையை ஆங்கிலத்தில் பெயர்த்த அவர், 1913-இல் தம் உதவியாளர்களை நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்கு அனுப்பினார். அட்லாண்டிக் கடலைக் கப்பலின் கீழ்த்தட்டில் கடந்து, களைத்து, அஞ்சி வந்திறங்கிய குடியேறிகள் அங்கே மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சோதிக்கப்பட்டனர். மூன்று நிமிடத்தில் அறுபது சொற்களைக் கூறுமாறு கேட்கப்பட்டவருள் பலர் திகைத்து நின்றனர். 1917-இல் காடர்டு தம் முடிவுகளை வெளியிட்டார். சோதிக்கப்பட்ட யூதர், அங்கேரியர், இத்தாலியர், உருசியர் ஆகிய ஒவ்வொரு கூட்டத்திலும் ஐவருள் நால்வர் அளவுக்கு அறிவுக்குறை உடையவர் என்பது அவற்றின் சாரம். சோதிக்கப்பட்ட இத்தாலியர் ஐம்பதின்மரே, அங்கேரியர் இருபத்திருவரே. இவ்வளவு சிலரை, இத்தகைய நிலையில் அளந்து பெற்ற எண்கள், இனங்களைப் பற்றிய தீர்ப்பாக உலவத் தொடங்கின. காடர்டே 1928-இல் தம் பழைய கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். அதற்குள் குடியேற்றத்தை இறுக்கிய 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது.

மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, எல்லிஸ் தீவின் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எண்ணாதிருக்க இயலவில்லை. ஒரு வினாவை மொழிபெயர்க்கலாம். அவ்வினாவின் கடினத்தை மொழிபெயர்க்க இயலுமா? பினேயின் சோதனைகளிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தனக்கு மூன்று சகோதரர் உண்டென்று கூறும் ஒருவன், அம்மூவருள் தன்னையும் சேர்த்து எண்ணுகிறான். அக்கூற்றில் உள்ள பொருத்தமின்மையைக் குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். பிரெஞ்சுக் குழந்தை சற்றுச் சிந்தித்துக் கண்டுபிடித்துவிடும். தமிழ்க் குழந்தையின் நிலை வேறு. "நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர்" என்று சொல்லும் தமிழன் தன்னையும் சேர்த்தே எண்ணுகிறான். அது பிழையன்று, நம் மொழியின் இயல்பு. ஆதலின் "இதில் தவறு என்ன?" என்று தமிழ்க் குழந்தையைக் கேட்டால், "தவறே இல்லை" என்று அது விடையிறுத்தல் கூடும். விடைத்தாளில் ஒரு மதிப்பெண் குறையும்.

ஒரே ஒலியில் முடியும் சொற்களைக் கூறச் சொல்வதும் பழைய சோதனைகளுள் ஒன்று. ஆங்கிலக் குழந்தை தொட்டிலிலேயே கேட்டுப் பழகிய பாட்டுகள் அவ்வாறு முடிபவை. நம் செய்யுள் மரபில் செவி பெரிதும் நாடுவது எதுகையையும் மோனையையும். எதுகையைத் தேடி இரண்டாம் எழுத்து ஒன்றிய சொற்களைக் கூறும் குழந்தை ஒலியறிவு இல்லாததன்று. அதன் செவி வேறு மரபில் பழகியது. சொற்பொருள் கேட்கும் பட்டியலிலும் இதே இடர் உண்டு. நன்றி கூறும் சொல் ஆங்கிலக் குழந்தைக்கு இரண்டு வயதிலேயே நாவில் வந்துவிடும். நம் வீடுகளில் தாய்க்கும் தமக்கைக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. எளிய சொல் அரிதாகவும், அரிய சொல் எளிதாகவும் மாறிவிட, பட்டியலின் ஏணிப்படிகள் தலைகீழாகின்றன.

இந்தியாவில் இவ்விடரை உணர்ந்தோர் முன்னரே இருந்தனர். லாகூர் பார்மன் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ், பினேயின் முறையை இந்துஸ்தானிக்கு ஏற்ப அமைத்து 1929-இல் நூலாக வெளியிட்டார். வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கென அதனைத் திருத்தி அமைத்தார். அவருடைய நூல் 1940-இல் வெளிவந்தது. சி. எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி செய்கைகளையே பெரிதும் சார்ந்தது. கட்டை அடுக்குதல், உருவம் வரைதல், படத் துண்டுகளைப் பொருத்துதல் போன்றவை அதில் இடம்பெற்றன. எழுத்தறிந்த சிறுவர்க்கும் எழுத்தறியாச் சிறுவர்க்கும் அவர் தனித்தனி அளவுகளை வகுத்தார். பள்ளி செல்லாத சிறுவனைப் பள்ளி சென்றவனோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது என்ற நேர்மை அதில் விளங்குகிறது. 1969-இல் நாகபுரியில் ஆர்தர் மாலின், வெக்ஸ்லர் என்ற அமெரிக்கரின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கென அமைத்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அது நம் நாட்டில் பல இடங்களில் வழக்கில் உள்ளது. கருவிகளைத் திருத்தும் முயற்சி இவ்வாறு நடந்தது. கருவியைக் கையாளும் வல்லுநரைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது அமெரிக்காவில். அதனைப் பிறப்பித்தவர் பெரும்பாலும் பெற்றோரே.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதி கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த இடம். அங்கே மேமி பிப்ஸ் கிளார்க் என்ற கறுப்பின அம்மையாரும் அவர் கணவர் கென்னத் கிளார்க்கும் 1946-இல் குழந்தை நலவழி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். தம் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் பள்ளிகள் சேர்த்துவிட்டதாகப் பெற்றோர் பலர் அங்கு வந்து முறையிட்டனர். நிலையத்தார் அக்குழந்தைகளை மீண்டும் சோதித்தபோது, மிகப் பலர் அவ்வகுப்புக்கு உரியவரே அல்லர் என்பது தெரிந்தது. வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் கொண்டு இவ்விருவரும் முன்னர் நடத்திய ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்த 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பெற்றது.

அடுத்த முறையீடு நீதிமன்றத்தையே அடைந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஒன்பதின்மர், ஆங்கிலத்தில் நடந்த சோதனையால் மந்தர் எனப் பிரிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வீட்டு மொழி ஸ்பானிஷ். 1970-இல் வழக்குத் தொடரப்பட்டது. ஸ்பானிஷ் அறிந்தவர் அக்குழந்தைகளை மீண்டும் சோதித்தபோது, அவர்களுடைய எண் சராசரி பதினைந்து அளவு உயர்ந்தது. பெரும்பாலோர் மந்தர் என்ற எல்லையைத் தாண்டிவிட்டனர். குழந்தையை அதன் வீட்டு மொழியிலேயே சோதிக்க வேண்டும் என மாநிலம் உடன்பட்டது.

1971-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் மற்றொரு வழக்கு எழுந்தது. அதன்பொருட்டு வெளிவந்த கணக்கு வியப்பூட்டுவது. 1968-69-இல் மாநிலப் பள்ளிக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஒன்பதின்மரே கறுப்பினத்தார். மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளிலோ அவர்கள் நூற்றுக்கு இருபத்தெழுவர். இக்குழந்தைகள் பேசியது ஆங்கிலமே. எனவே மொழியை மட்டும் காரணம் காட்ட இயலவில்லை. கறுப்பின உளநூலார், குழந்தைகளோடு பழகி, வினாக்களை அவர்களுக்கு விளங்கும் முறையில் கேட்டு மீண்டும் சோதித்தனர். வழக்குத் தொடுத்த குழந்தைகள் எல்லையாகிய 75-ஐத் தாண்டினர். சிறிய பிள்ளை ஒன்று சண்டைக்கு வந்தால் நீ என்ன செய்வாய் என்ற வினாவும் நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. சோதனை நூல் ஒரு விடையைச் சரியெனக் கொள்ளும். குழந்தை வாழும் தெரு வேறொரு விடையைக் கற்பித்திருக்கும். 1979-இல் நீதிபதி இராபர்ட் பெக்காம் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பளித்தார்.

எனினும், 1980-இல் சிகாகோவில் இதே போன்ற வழக்கை விசாரித்த மற்றொரு நீதிபதி, வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, குற்றமுடையவை சிலவே என்று கூறி எதிர்மாறாகத் தீர்ப்பளித்தார். கற்றறிந்தோர் இருவர் இவ்வாறு முரண்பட்டதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. வினாத்தாளை மட்டும் நோக்கி இச்சிக்கலைத் தீர்த்துவிட இயலாது. வினவுபவர் யார், விடையிறுப்பவர் யார், இருவர்க்கும் இடையே இருப்பது என்ன என்பதையும் நோக்க வேண்டும்.

இவ்வெண்ணமே பயிற்சியாக உருப்பெற்றது. 1968-இல் கறுப்பின உளநூலார் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டு, தம் தொழிலையே கேள்விக்குட்படுத்தினர். 1973-இல் கொலராடோ மாநிலத்து வெயில் நகரில் நடந்த உளநூல் பயிற்சி மாநாடு ஒரு தெளிவான முடிவுக்கு வந்தது. வேறு பண்பாட்டினர்க்குத் தொண்டு செய்யும் தகுதி பெறாதவர் அத்தொண்டில் இறங்குவது தொழிலறத்துக்கு மாறானது என்றும், அத்தகுதியை மாணவர்க்குக் கற்பிப்பது கல்லூரிகளின் கடமை என்றும் அது வலியுறுத்தியது. 1975-இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய கல்விச் சட்டம், குழந்தையைத் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்றும், ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்றும் விதித்தது. 1982-இல் டெரால்டு விங் சூ என்பாரும் அவர் தோழரும் அப்பயிற்சியை மூன்று கூறுகளாக வகுத்தனர். முதலாவது, தன் மனச்சார்பைத் தானே உணர்தல். இரண்டாவது, பிறர் வாழ்க்கையை அறிதல். மூன்றாவது, அவ்வறிவைத் தொழிலில் பயன்படுத்தும் திறன். இன்றுவரை இத்துறைப் பயிற்சிகள் பெரும்பாலும் இம்மூன்றின் மேல்தான் நிற்கின்றன.

நம் வீடுகளை நோக்கினால் இம்மூன்றின் தேவை எளிதில் புலப்படும். தன் குடும்பத்தை வரைந்து காட்டும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, தன் அக்காளை மாமா மணக்கப்போவதாகக் கூறுகிறாள் எனக் கொள்வோம். தாய்மாமன் அக்காள் மகளை மணப்பது தமிழகக் குடும்பங்கள் சிலவற்றில் நெடுநாள் வழக்கம். வடநாட்டுக் குடும்ப முறையில் அது எண்ணிப் பார்க்கவும் கூடாதது. நம் வழக்கம் அறியாத வல்லுநர் அச்சிறுமியின் சொல்லைக் குழப்பமென்றோ, வீட்டில் நேர்ந்த தீங்கின் அடையாளமென்றோ கொள்ளக்கூடும். பாட்டியின் அருகில் உறங்கும் எட்டு வயதுச் சிறுவனை, மேனாட்டு நூலை மட்டும் கற்றவர் தன்னம்பிக்கை அற்றவன் என்பார். பெரியவர் முகத்தை நேரே நோக்கி வாதிடலாகாது என்று வளர்க்கப்பட்ட குழந்தையின் மௌனத்தை அச்சம் என்பார். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றே: முடிவு கூறுமுன் கேட்டறிதல்.

இரு மொழிகள் குழந்தையின் மூளைக்குச் சுமை என்ற கருத்தும் பலரிடம் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள் என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறுவோர் இன்றும் உள்ளனர். கனடாவின் மான்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்போர் பத்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. குடும்பத்தின் பொருள்நிலையைச் சமமாக வைத்து ஒப்பிட்டபோது, இருமொழிக் குழந்தைகளே சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். நம் நாட்டிலும் அஜித் மொகந்தி என்னும் பேராசிரியர் ஒடிசாவின் கோந்து பழங்குடிக் குழந்தைகளை ஆராய்ந்தார். தம் குயி மொழியை இழந்து ஒடியா மட்டும் பேசுவோரைக் காட்டிலும், இரண்டும் பேசுவோர் சிந்தனைத் திறனில் சிறந்து விளங்கக் கண்டார். தாய்மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரைக்கு ஆராய்ச்சியின் துணை இல்லை.

ஆயினும் நாம் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. "பண்பாட்டு வேறுபாடு" என்ற ஒரு சொல்லால் உண்மையான குறைபாட்டை மூடிவிடும் இடரும் உண்டு. கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனையே கூடாதென 1986-இல் தடை விரிவாக்கப்பட்டது. அதனால் தம் குழந்தைகளின் கற்றல் இடர்ப்பாட்டை அறிய அச்சோதனையை விரும்பிய பெற்றோர்க்கே அது மறுக்கப்பட்டது. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் அதே நீதிபதி பெக்காம் அவ்விரிவை நீக்கினார். மந்தமற்ற குழந்தையை மந்தம் என்பது ஒரு தவறு. உதவி வேண்டும் குழந்தையை "மொழி பழகினால் சரியாகிவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது மற்றொரு தவறு. எழுத்துகளைப் படிப்பதில் தடுமாறும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இத்தவறுகளுள் ஒன்று நேர்வது உறுதி. இதனை உணர்ந்தே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், படித்தல் இடர்ப்பாட்டை இந்திய மொழிகளிலேயே கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்கியது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் அது முதலில் அமைந்தது. கற்றல் இடர்ப்பாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது.

நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள் உள்ளன. ஒரு வல்லுநர் அனைத்தையும் கற்றல் அரிது; அதனை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. தம் அளவுகோல் எந்த ஊரில், எந்த மொழிக் குழந்தைகளைக் கொண்டு அமைந்தது என அவர் அறிந்திருத்தல் வேண்டும். தமக்குத் தெரியாத மொழியில் குழந்தை பேசும்போது, அம்மொழி அறிந்த ஒருவரை முறையாகத் துணைகொள்ளப் பழகியிருத்தல் வேண்டும். தாயே மொழிபெயர்த்தால் அன்பினால் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அயலார் மொழிபெயர்த்தால் குழந்தையின் மழலையைத் திருத்தி அழகுபடுத்திவிடுவார். இரண்டுமே அளவைக் கெடுக்கும். மொழிபெயர்ப்போன் எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதும் ஒரு பயிற்சியே.

பெற்றோராகிய நாமும் சில கேள்விகளை மரியாதையுடன் கேட்கலாம். ஐயா, இச்சோதனை எம்மொழியில் நடக்கிறது? எந்தக் குழந்தைகளின் அளவோடு எங்கள் குழந்தை ஒப்பிடப்படுகிறது? இவ்வெண் தவிர வேறு எவற்றைக் கொண்டு முடிவு செய்கிறீர்கள்? 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் வல்லுநர் பெயர் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை வீட்டில் தமிழில் சொல்லும் கதை, கடைக்குச் சென்று கொடுக்கும் சரியான சில்லறைக் கணக்கு, தங்கைக்குக் கற்பிக்கும் விளையாட்டு ஆகியவற்றை நாள்வாரியாகக் குறித்துச் சென்று அவரிடம் காட்டலாம். நல்ல வல்லுநர் அத்தாளை வரவேற்பார். ஒரு மணி நேரச் சோதனை தராத செய்தி அதில் உண்டு என்பதை அவர் அறிவார்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயலவேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ உறுப்பு கூறுகிறது. கற்பிக்கும் மொழியைப் பற்றி இவ்வளவு எண்ணிய நாடு, குழந்தையைச் சோதிக்கும் மொழியைப் பற்றியும் எண்ண வேண்டிய காலம் இது. வகுப்பில் வாய் திறவாத அந்தக் குழந்தை வீட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பேச்சைக் கேட்டறியாத எவரும் அதன் அறிவுக்கு எண் இடுதல் முறையன்று.